கடுக்காய் மண்டியின் ஏழாம் நிலை

கடுக்காய் மண்டியை அரசாங்கம் மீட்டுவிட்டது. யாரிடமிருந்து மீட்டது என்று கேட்டால், எங்களிடமிருந்துதான்.

ஆலங்காயத்தில் காவலூர் பஸ் ஏறி, மண்டி ஸ்டாப் என்று கேட்டால், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இறக்கிவிடுவார்கள். இடது பக்கம் மண்டி. வலது பக்கம் என் ஜெராக்ஸ் கடை. என் பெயர் பூபாலன். இந்த விவகாரத்தில் எழுதப்பட்ட காகிதம் அத்தனையும் என் மிஷினுக்குள் போய்த்தான் வெளியே வந்தது. அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. இதில் நாலு காசு பார்த்தவனும் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மண்டியைக் கட்டி நூற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் கட்டினார். தோல் பதனிட மலையில் கிடைக்கும் கடுக்காய் அப்போது வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. பிறகு ரசாயனம் வந்தது, கடுக்காய் போனது. யுத்தக் காலத்தில் அங்கே அரிசி மூட்டை அடுக்கினார்கள். அப்புறம் புளி. அப்புறம் தேன் கூட்டுறவுச் சங்கம்; தேன் தீர்ந்த பிறகும் சங்கத் தலைவர் மட்டும் சில வருஷம் இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் போன வருஷம் மூன்றாம் வகுப்பை நான் அங்கேதான் படித்தேன். கொரோனா சமயத்தில், கேரளா எஸ்டேட்டுகளிலிருந்து திரும்பிய மலைக்காரர்களைப் பின்கூடத்தில் பதினாலு நாள் படுக்க வைத்தார்கள். அந்தக் கட்டடம் தன்னை இன்னதுக்குத்தான் கட்டினார்கள் என்று ஒரு நாளும் பிகு பண்ணிக்கொண்டதில்லை. வந்த வேலையைச் செய்தது.

கடைசிப் பத்தொன்பது வருஷமாக முன்கூடத்தில் சாமை அரவை மிஷின் ஓடியது. போட்டவர் அர்ச்சுனன். அவர் காலமான பிறகு ஓட்டியவர் அவர் மனைவி நீலாவதி. மேலே இருக்கும் ஊர்களிலிருந்து பெண்கள் சாமையை மூட்டை கட்டித் தலையில் வைத்து இறங்கி வருவார்கள். மிஷினில் இரண்டு முறை விட்டு உமி நீக்கி, முறத்தில் புடைத்து, அரிசியாக்கிக்கொண்டு மதிய பஸ்ஸில் திரும்புவார்கள். தங்கள் முறை வரும்வரை சுவரில் சாய்ந்துகொண்டு ஊர்க் கதை பேசுவார்கள்.

மேலே ஒரு வழக்கம் உண்டு. கருமாதிப் படையலுக்கு, செத்தவர் தன் கையால் கடைசியாக விதைத்த சாமையைத்தான் பொங்க வேண்டும். ரேஷன் அரிசி ஆகாது, கடையில் வாங்கிய சாமையும் ஆகாது. ஆனால் சாவு வீட்டுத் தானியம் தீட்டு என்று வேறு மில்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீலாவதி அனுப்ப மாட்டார். ஓடுகிற மிஷினை நிறுத்துவார். உள்ளே இருக்கும் தானியத்தைத் துடைத்தெடுப்பார். அந்த மூட்டையை மட்டும் அரைப்பார். அன்றைக்கு வேறு யாருக்கும் அரைக்க மாட்டார், தனக்கென்று ஒரு பிடிகூட எடுத்துக்கொள்ள மாட்டார். வரிசையில் காத்திருந்தவர்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று எழுந்து போவார்கள். எதிர்க்கடையில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்தில் நல்லபடியாக நடக்கும் காரியமும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

போன தை மாதம் ஒரு கடிதம் வந்தது. தொன்மை வணிகக் கட்டட மீட்பு இயக்ககம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கைவிடப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் மண்டி தேர்வாகியிருப்பதாகவும் அதற்காக வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே பதினான்கு பக்க விண்ணப்பம்.

"இன்னா தம்பி எழுதிக்கீது?" என்று நீலாவதி கேட்டார்.

"கட்டடம் எத்தினி வருஷமா காலியா கீதுன்னு கேக்கறாங்க, நீலாக்கா."

"எங்க காலியா கீது? மிஷின் சத்தம் ஒனக்குக் கேக்கலியா?"

கேட்டது. 'காலியாக இல்லை, நடக்கிறது' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். விண்ணப்பத்தின் ஓரங்களில் எழுதுவது தவிர்க்கப்பட வேண்டும் என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் மண்டல மீட்பு அலுவலர் கோகுலகிருஷ்ணன். ரொம்ப மரியாதையான மனிதர். யாரையும் நீ என்று பேசமாட்டார், வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரமாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். கூட வந்தவர் கட்டடக் கலை ஆலோசகர் ஷோபனா. அவர் நேராகச் சுவரிடம் போனார்.

முன்கூடத்துச் சுவரில், தரையில் உட்கார்ந்தால் முதுகு படும் உயரத்துக்கு, சுண்ணாம்பு கருத்து மழமழவென்று மின்னும். ஷோபனா அதைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் தடவினார்.

"சார், இது சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சு இல்ல. மறைஞ்சுபோன ஏதோ ஒரு தொழில்நுட்பம்."

"அது முதுகுங்க மேடம்" என்றார் நீலாவதி.

"என்னம்மா?"

"முதுகுங்க. சாமை கொண்டாற பொம்பளைங்க சாஞ்சி சாஞ்சி அப்பிடி ஆனது. தலை எண்ணெயும் வேர்வையும்தாங்க."

ஷோபனா கவனமாகக் குறித்துக்கொண்டார். பின்னால் அந்தக் குறிப்பு நகலெடுக்க என்னிடம் வந்தபோது பார்த்தேன். 'வாய்மொழிச் செய்தி: முதுகு. பொருள் விளங்கவில்லை. ஆய்வு தேவை' என்று இருந்தது.

சுவரைச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து நாற்பத்திரண்டு பக்க அறிக்கை வந்தது. பூச்சில் விளக்கெண்ணெய், மஞ்சள், உப்பு ஆகியவை இருக்கின்றன. ஆகவே முன்னோர்கள் விளக்கெண்ணெயையும் மஞ்சளையும் உப்பையும் சுண்ணாம்பில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். இந்த அரிய பூச்சுக்குப் பெரிய ஆபத்து, மனிதர்கள் அதன்மேல் சாய்வது.

மறுநாளே சுவரைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பெண்கள் கூடத்தின் நடுவில் முதுகுக்கு ஆதாரமில்லாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். மேலே கடைசி ஊரிலிருந்து வரும் செல்லி, அறுபது வயதுக்காரி, அந்தக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா நாங்க சாஞ்சி தேச்ச செவுரு, எங்களுக்கே ஆவாதா?"

"மேல படக் கூடாதாம் அக்கா. இன்னாவோ பொக்கிஷமாம்" என்றார் நீலாவதி.

"பொக்கிஷத்தை எவ்ளோ நாளா முதுவுல சொமந்துகினு இருந்தோம் பாத்தியா" என்று செல்லி சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

அதற்கடுத்தது, கட்டடத்தை எந்தக் காலத்து நிலைக்கு மீட்பது என்ற கேள்வி. ஆலோசனைக் கூட்டம் மண்டியிலேயே நடந்தது. நகல்களோடு நானும் ஓரமாக நின்றேன். கடுக்காய்க் காலத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. காட்டிலிருந்து நிஜக் கடுக்காய் எடுக்க அனுமதி வாங்க நாளாகும் என்பதால், பிளாஸ்டிக் கடுக்காய் நானூறு கிலோ வரவழைக்கத் தீர்மானம் போட்டார்கள். உடனே ஒருவர் எழுந்து, யுத்தக் கால அரிசியை விட்டால் சரித்திரம் மன்னிக்காது என்றார். தேன்காரர்கள் தேனுக்காகப் பேசினார்கள். புளிக்காகப் பேச யாரும் வரவில்லை. ஆனாலும் ஷோபனா மனம் கேளாமல் அதையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் எல்லாக் காலத்தையும் காட்டிவிடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். மொத்தம் ஏழு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை, ஒரு பலகை, ஒரு விளக்கு. பள்ளிக்கூட மூலைக்குப் பத்து மெழுகுப் பொம்மைகள் வந்தன. அதில் ஒன்று பெஞ்சில் தலை வைத்துத் தூங்கியது. அது நானாகத்தான் இருக்கும்.

ஏழாவது பலகை நகலெடுக்க வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். 'நிலை 7: சாமை அரவை (வழக்கொழிந்தது)' என்று எழுதியிருந்தது. கொரோனாவுக்கு முந்தின மிஷின் எப்படிக் கடைசி நிலையாகும் என்று முதலில் கேட்டேன். மிஷின் கனமானது, நகர்த்த முடியாது, வரிசையை நகர்த்திக்கொள்ளலாம் என்றார் கோகுலகிருஷ்ணன். நீலாவதிக்கு அடைப்புக்குறிக்குள் இருந்ததுதான் உறுத்தியது.

"வழக்கொழிஞ்சதுன்னா இன்னாங்க சார்?"

"இப்ப நடைமுறையில இல்லைன்னு அர்த்தம்மா."

"காலைல கூட மூணு பேருக்கு அரைச்சனேங்க. இதோ, உமி இன்னும் சூடா கீதுங்க."

"திறப்பு விழாவுக்குள்ள ஒழிஞ்சிடும்மா" என்றார் அவர், ஆறுதல் சொல்லும் குரலில்.

அன்றிரவே உட்கார்ந்து மனு எழுதினேன். ஒரு நல்ல மனுவில் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது. இயக்ககத்தின் மண்டல அலுவலகம் கணியம்பாடிக்கு அப்பால், கண்ணாடி போட்ட புதுக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. பழைய கட்டடம் எதுவும் அவர்களுக்கு வசதிப்படவில்லையாம். நீலாவதியும் நானும் மூன்று முறை போனோம். மூன்றாவது முறை கோகுலகிருஷ்ணன் எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"எனக்கு மண்டியே வேணாங்க" என்றார் நீலாவதி. "மிஷினை மட்டும் எடுத்துக்கறேன். எங்கனா ஒரு கொட்டாய் போட்டு ஓட்டிக்கறேன். மேல இருந்து வர்றவங்களுக்கு வேற எடம் இல்லீங்க. சாவு வூட்டுச் சாமையை என்னை வுட்டா யாரும் தொட மாட்டாங்க சார்."

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா தரையோட போல்ட் போட்டிருக்கற எதுவும் கட்டடத்தோட பாகம். பட்டியல்ல ஏறிடுச்சு. எடுத்தா, சின்னத்தைச் சிதைச்ச குத்தமாயிடும்."

"அது என் மிஷினுங்க."

"இருந்ததும்மா."

நீலாவதி டீயைக் குடிக்கவில்லை. "அப்ப நான் இன்னா பண்றதுங்க?"

கோகுலகிருஷ்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் போலும். "உங்களை நாங்க விட்டுடுவோமா? உங்களையும் பட்டியல்ல சேத்திருக்கோம்."

நேர்முக விளக்குநர், நிலை ஏழு. அதுதான் பதவி. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை மிஷின் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து, ஆட்கள் வரும்போது அரைப்பதுபோலச் செய்து காட்ட வேண்டும். அதிர்வு சுவருக்கு ஆகாது என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உடை வேறு தந்தார்கள்: முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய பச்சைப் புடவை, சோழி மாலை. மலையில் யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து வந்ததாம்.

"நான் ஆலங்காயத்துப் பொண்ணுங்க. மலைக்காரி இல்லீங்க" என்று நீலாவதி சொல்லிப் பார்த்தார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று ஷோபனா சமாதானம் சொன்னார்.

ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "மிஷினைத் தனியா வுட்டுட்டு எங்க போவ?" என்றார். ஓடாத அந்த மிஷினுக்குத் தினமும் காலையில் எண்ணெய் விட்டுத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது. கடையில் ஆள் இருந்ததால் அழவில்லை.

மேலே ஊர்களில் சாமையை உமியோடு அப்படியே, தானியம் வாங்க வரும் வேன்காரர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். வீட்டில் ரேஷன் அரிசி பொங்கினார்கள். கையால் இடித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள் என்று இயக்ககத்துக்கும் தெரிந்திருக்கும் போல. ஏழாம் நிலைக்கு முந்தைய கைமுறையைக் காட்ட வேண்டும் என்று வண்டி அனுப்பி, மேலே ஊர் ஊராகக் கிடந்த கல் உரல்களை எல்லாம் சேகரித்து வந்துவிட்டார்கள். கொடுத்தவர்களுக்குப் பாரம்பரியக் கொடையாளர் என்று சான்றிதழ் தந்தார்கள். லேமினேஷன் நான்தான்.

ஐப்பசியில் திறப்பு விழா நடந்தது. பந்தலில் இரண்டு வரிசை நாற்காலி மலைக்காரர்களுக்கு என்று ஒதுக்கி, பிறகு விருந்தினர்கள் அதிகமானதால் அவர்களை எழுப்பிவிட்டார்கள். கோகுலகிருஷ்ணன் பேசினார். அவர் எழுதி வைத்திருந்த உரையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"பெரியோர்களே! நூற்றுப் பதினைந்து ஆண்டுகளாக இந்தக் கட்டடம் இடைவிடாமல் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. எவ்வளவு பெரிய சேதம்! கடுக்காய் வைத்தார்கள், அரிசி வைத்தார்கள், பிள்ளைகளை வைத்தார்கள், நோயாளிகளைக்கூட வைத்தார்கள். கேட்பார் இல்லை. இன்றோடு அந்தப் பயன்பாடுகள் அனைத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம். இனி யாரும் இந்தக் கட்டடத்தை எதற்கும் பயன்படுத்த முடியாது என்று உறுதி கூறுகிறேன். காவலூர் வானாய்வுக் கூடத்துக்கு இரவில் நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் பகலில் பொழுது போகாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலை மக்களின் வாழ்க்கையை நாம் காட்டப்போகிறோம். மலை மக்கள் நேரில் இருந்தால் கூச்சப்படுவார்கள். ஆகவே அவர்கள் இல்லாமலே அதைக் காட்டும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம்."

பலமாகக் கைதட்டினார்கள். பந்தலுக்கு வெளியே நின்ற மலைக்காரர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்கழியில் செல்லியின் கணவர் வீரன் இறந்துபோனார். கொல்லையில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மகன் கேரளாவிலிருந்து வந்து அடக்கத்தை முடித்துவிட்டு, பதினாறாம் நாள் கருமாதிக்கு வருவதாகச் சொல்லித் திரும்பிப் போயிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் செல்லி தலையில் ஒரு மூட்டையோடு தனியாக இறங்கி வந்தார். மண்டி வாசலில் டிக்கெட் கேட்டார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

நீலாவதி சோழி மாலையோடு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செல்லி மூட்டையை இறக்கினார்.

"நீலா, அவரு போய்ட்டாரு."

"கேள்விப்பட்டேன் அக்கா. லீவு குடுக்கலன்னு வர முடியல" என்று நீலாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அவரு வெதைச்சது. வேன்காரனுக்குப் போட்டது போவ இதான் கடைசி. பதினாறுக்குப் பொங்கணும். அரைச்சிக் குடு."

"மோட்டாரு இல்ல அக்கா. கழட்டி எட்த்துனு போய்ட்டாங்க."

செல்லி நம்பாமல் மிஷினைத் தொட்டுப் பார்த்தார். "ஒரல்ல இடிக்கலாம்னா, எங்க ஊரு ஒரலும் இங்கதான கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாமல்தான் சொன்னார்.

உரல்கள் மூலையில் கயிற்றுக்குள் வரிசையாக இருந்தன. நீலாவதி எழுந்தார். சோழி மாலையைக் கழற்றி மிஷின் மேல் வைத்தார். கயிற்றை அவிழ்த்தார். உரலைக் கழுவித் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காட்சிக்கு வைத்திருந்த உலக்கையை எடுத்தார். செல்லி இன்னொன்றை எடுத்தார். மாற்றி மாற்றிப் போட்டார்கள். இடிக்க இடிக்கச் செல்லி வீரனிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "வெள்ளாமை வூட்டுக்கு வர்ற வரைக்கும் கூட இருந்தியே, வாயில வெக்கறதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று கேட்டார். நீலாவதியும் அழுதுகொண்டே இடித்தார்.

காவலூருக்கு வந்த கூட்டம் ஒன்று அப்போது உள்ளே இருந்தது. சத்தம் கேட்டு எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். கையில் செல்போன் தூக்காதவர் இல்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு பின்கூடத்தில் போட்டுக்கொண்ட தன் அறையிலிருந்து கோகுலகிருஷ்ணன் ஓடி வந்தார். நிறுத்தப் போகிறார் என்று நினைத்துக் குறுக்கே போனேன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இதைத்தாம்மா நான் எதிர்பார்த்தேன்! இந்த உயிர்ப்பு! மூணு மாசமா இது இல்லாமத்தான் நம்ம நிலை ஏழு டல்லா இருந்துச்சு."

கூட்டம் கைதட்டியது. செல்லி உலக்கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூடிய முகத்தோடே மறுபடி இடித்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

புடைத்து முடித்தபோது நான்கு படி அரிசி இருந்தது. செல்லி அதை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். காவலாளி மறித்தார். கோகுலகிருஷ்ணன் விதிப் புத்தகத்தோடு வந்தார். காட்சிப் பொருளால் தயாரிக்கப்படும் எதுவும் காட்சிப் பொருளே என்று பதினெட்டாவது விதி சொல்கிறதாம். வெளியே கொண்டுபோகத் தலைமை அலுவலகக் குழுவின் அனுமதி வேண்டுமாம்.

"அவரு வெதைச்சதுங்க" என்றார் செல்லி.

"தெரியும்மா. அதையும் பலகையில எழுதறோம். வீரன்தானே பேரு?"

நீலாவதி கோகுலகிருஷ்ணன் காலில் விழப்போனார். அவர் பதறி விலகி, காலில் விழுவதெல்லாம் தனக்குப் பிடிக்காது, தான் சாதாரண ஊழியன், விண்ணப்பம் கொடுத்தால் அன்றே மேலிடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சொன்னபடியே அனுப்பினார். ஏழு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மூட்டையைப் பிரித்து அரிசியைக் கண்ணாடிப் பெட்டியில் கொட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டார்கள்.

பதினாறாம் நாள் நான் மேலே போனேன். நீலாவதிக்கு அன்றும் லீவு கிடைக்கவில்லை. அனுமதி வரவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வெறுங்கையைப் பார்த்ததும் செல்லி அடுப்பில் ரேஷன் அரிசியைப் போட்டார். படையலில் வெள்ளைச் சோறு இருந்தது. காக்கை வந்து தின்றது, மகன் அப்பாடா என்று மூச்சு விட்டான். செல்லி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் இலை போட்டார்கள். சோறு நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு ஒன்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. கோகுலகிருஷ்ணனே மேலே ஆள் அனுப்பிச் செல்லியை வரவழைத்தார். என்னையும் கூப்பிட்டார். நீலாவதி பச்சைப் புடவையோடு வந்து கதவோரம் நின்றார்.

"அனுமதி கிடைச்சிடுச்சும்மா!" நிஜமாகவே அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உரக்கப் படித்தார். "மேற்படிப் பொருளை, கருமாதி நடைபெறும் நாளில் மட்டும், காலை பத்து முதல் மாலை ஐந்து மணிக்குள் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறது. கருமாதி எப்பம்மா?"

"முடிஞ்சிப்போச்சிங்க. ஒம்போது நாளாவுது."

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. "அப்படின்னா இந்த உத்தரவு இதுக்குச் செல்லாது" என்றார் வருத்தத்தோடு. கொஞ்சம் யோசித்தார். "ஆனா பொருள் எங்கயும் போகாது, பத்திரமா இருக்கும். அடுத்த கருமாதிக்குக் கொஞ்சம் முன்கூட்டியே விண்ணப்பிச்சிட்டீங்கன்னா, இந்தக் கஷ்டமே வராதும்மா."

தான் என்ன சொன்னோம் என்று இப்போது அவருக்கு உறைக்கும், தலையைக் குனிவார் என்று நான் காத்திருந்தேன்.

"அடுத்தது என்னுதுதாங்க" என்றார் செல்லி. "இப்பவே எழுதிக்குங்க."

கோகுலகிருஷ்ணன் மேஜை இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன். பெயர்: செல்லி. கணவர் பெயர்: காலஞ்சென்ற வீரன். பொருள்: சாமை அரிசி, நான்கு படி.

"பெற்றுக்கொள்பவர் யாரும்மா?" என்று கேட்டார். "உங்களால வர முடியாதில்ல."

"மவன் கேரளாவுல கீறான். நீலா பேரு போடுங்க. எங்க ஊரு சாவுக்கெல்லாம் அவதான அரைச்சிக் குடுத்தா."

நீலாவதி கையெழுத்துப் போட வந்தார். பேனாவைப் பிடித்தவர் அப்படியே செல்லியின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். செல்லி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "போடுடி, கையெழுத்தைப் போடு" என்றார். போட்டார்.

கோகுலகிருஷ்ணன் விண்ணப்பத்தை வாங்கி மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கருமாதி நடைபெறும் தேதி எழுதலையே?"

"அத்த நான் எப்பிடிங்க சொல்றது?" என்றார் செல்லி.

தேதி இல்லாத விண்ணப்பத்தை வாங்க அவருக்கு அதிகாரம் இல்லை. வெளியே போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் மன்றாடினார். திரும்பி வந்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக விடலாம், தேதி தெரிந்தவுடன் செல்லியே நேரில் வந்து நிரப்பிவிட வேண்டும் என்று பெரிய மனதோடு சொன்னார்.